சாய்ந்த எட்டு

அன்பு மகள் மாரிக்கு,

இங்கு எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று தொடங்குவதுதான் நம் வீட்டுப் பழக்கம். அம்மா சுகமாக இருக்கிறாள். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று வியாழன். இந்த மூன்று நாளில் வீட்டுக்கும் கார் கொட்டகைக்கும் நான் எத்தனை நடை நடந்திருப்பேன் என்று அம்மாவைக் கேள், சொல்வாள். கதவைத் திறக்கிறேன், வண்டியில் ஏறி உட்காருகிறேன், டீசல் எஞ்சின் சூடேற ஹீட்டரைப் போட்டு இருபது வரை எண்ணுகிறேன், ஸ்டார்ட் பண்ணுகிறேன், உடனே அணைத்துவிட்டு இறங்கிவிடுகிறேன். சவாரிக்குப் போகாத வண்டியை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்று அம்மா சத்தம் போடுகிறாள். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அதுதான் காரணம். இந்தக் கடிதத்தையும் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும்தான் எழுதுகிறேன். இன்று சாயங்காலத் தபாலில் சேர்த்துவிட்டால் நீ திங்கட்கிழமை வேலையில் சேருவதற்கு முன் உன் கைக்கு வந்துவிடும். வந்தே ஆக வேண்டும்.

நீ பிரேக் இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதித் தேறிய அன்றே நம் டாக்ஸி ஸ்டாண்டு முழுக்கப் போளி வாங்கிக் கொடுத்துவிட்டேன். அது பழைய சந்தோஷம். இப்போது நீ எழுதியிருப்பது வேறு. பழைய அட்லஸ் புத்தகத்துக்குள் அந்த பென்சில் பிரிண்ட் தாள் கிடைத்தது என்றும், அதை லேமினேட் பண்ணி வைத்திருப்பதாகவும், உன் ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். யாராவது கேட்டால், ஒன்பது வயதில் நான் எடுத்த முதல் எஞ்சின் நம்பர் இதுதான், எங்கப்பா வண்டி என்று சொல்வாயாம். அதற்குக் கீழே, புதுச் சட்டம் ரொம்பக் கெடுபிடியாக இருக்கிறது, எஞ்சின் மாற்றின வண்டிகளை இனி பாஸ் பண்ண மாட்டார்கள், முதல் லீவில் வந்து நம் வண்டியை எப்.சி. தகுதிச் சான்றுக்குக் காட்டும்போது உங்கள் பக்கத்தில் நிற்கிறேன், நம் வண்டிக்கு என்ன கவலை அப்பா என்று முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரியை நான் நூறு தடவை படித்துவிட்டேன். வெள்ளை மனசோடு எழுதினாயா, எல்லாம் தெரிந்து என்னைத் தட்டிப் பார்க்கிறாயா என்று பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் அந்தத் தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைக்காதே. முதலில் இதைப் படி.

அந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ, எனக்கு முழுசாக இருக்கிறது. அந்தக் காலத்தில் வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை எப்.சி. காட்டுவது எங்கள் ஸ்டாண்டில் கல்யாண வீடு மாதிரி. ஒரு வாரத்துக்கு முன்பே துரு பிடித்த இடத்தில் பெயிண்ட் அடிப்போம், அடியில் கறுப்புப் பூசுவோம், ஓடாத வைப்பரை ஓட வைப்போம். டயர் இருக்கிறதே, அதுதான் வேடிக்கை. ஐந்து அம்பாசிடர்காரர்கள் சேர்ந்து நாலு நல்ல டயர் வாங்கி வைத்திருந்தோம். எப்.சி. டயர் என்று அதற்குப் பெயர். யாருக்கு எப்.சி.யோ அவர் முதல் நாள் மாட்டுவார், சர்டிபிகேட் கையில் வந்ததும் கழற்றி அடுத்தவருக்குக் கொடுப்பார். லைசென்சுக்கு எட்டுப் போடுகிற மைதானத்தைத் தாண்டி வேறு ஊரையே பார்க்காத டயர்கள். வழுவழு டயரோடு விளாத்திகுளம் ரோட்டில் மழையில் ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டே இதைச் சொல்லிச் சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை. இதே மாதிரி உன் முன்னாலும் வந்து நிற்பார்கள். டயரைப் பார்க்காதே, சக்கரத்து நட்டைப் பார். நேற்றுத்தான் ஸ்பானர் பட்டிருந்தால் மினுமினுவென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வருஷம் உனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாய். ஹீட்டர் போட்டதும் இருபது எண்ணுவது அப்போது உன் வேலை. மைதானத்தில் வரிசையில் நிற்கும்போது, இன்ஸ்பெக்டர் வருவதற்குள் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் தாளில் எடுத்து வைக்க வேண்டும். நம்பர் மேல் தாளை வைத்து பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்க்கிற வேலை. என் பென்சில் முனை உடைந்துபோயிற்று. நீ உன் பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து, நான் தேய்க்கிறேன் என்றாய். உன்னைத் தூக்கி பம்பர் மேல் நிறுத்தினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு மெதுவாகத் தேய்த்தாய். ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் எழும்பி வந்தது. இரண்டு தடவை எடுத்தாய், ஒன்று இன்ஸ்பெக்டருக்கு, ஒன்று உனக்கு. எடுத்துவிட்டுத் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தாய்.

"அப்பா, எல்லாம் நேரா இருக்கு. இந்த எட்டு மட்டும் ஏன் சாஞ்சிருக்கு?" என்று கேட்டாய்.

"கம்பெனியில அடிச்சவனுக்கு அன்னைக்கு கை வலிச்சிருக்கும் தாயி" என்றேன்.

யோசிக்கவே இல்லை. வாயில் வந்தது, சொன்னேன். பக்கத்தில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். தாளை வாங்கிப் பார்த்தார், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார், நம்பர் சரியாக இருந்தது. இந்தப் பிள்ளை பெரிய பிரேக் இன்ஸ்பெக்டராக வரும் போலிருக்கிறதே என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்ன வார்த்தையை நீ பிடித்துக்கொண்டாய். நான் சொன்ன வார்த்தையையும் பிடித்துக்கொண்டாய். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனதிலிருந்து உன் கணக்கு நோட்டில் எட்டெல்லாம் சாய்ந்துவிட்டது. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்கள், அம்மா திட்டினாள், நீ மாற்றவில்லை. செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தின் பின்கோடில்கூட எட்டு வலது பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் முதல் நடை கொட்டகைக்குப் போனேன்.

மாரி, கம்பெனிக்காரன் எவனுக்கும் கை வலிக்கவில்லை. அந்த நம்பரைக் கம்பெனி அடிக்கவே இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு முகூர்த்த நாளில் பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு நாகலாபுரம் போனேன். சித்திரை வெயில். பாதி வழியில் வண்டி கொதித்துவிட்டது. அரை மணி நேரம் ஆறப்போட்டிருக்க வேண்டும், அது எந்த டிரைவருக்கும் தெரிந்த பாடம். தாலி கட்டும் நேரம் தப்பிவிடும் என்று பின்னால் இருந்த பெரியவர் முனகினார். அவர் முனகியதால்தான் அவசரப்பட்டேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் முனகாவிட்டாலும் நான் நின்றிருக்க மாட்டேன், என் புத்தி அப்படி. பருத்திக் காட்டுக் கிணற்றிலிருந்து ஒரு வாளி பச்சைத் தண்ணீர் கொண்டு வந்து கொதிக்கிற எஞ்சினில் ஊற்றினேன். டப்பென்று ஒரு சத்தம். எஞ்சின் பிளாக் விரிசல் விட்டுவிட்டது. பெண் வீட்டார் மாட்டு வண்டியில் ஏறிப் போனார்கள்.

எட்டயபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற செல்லையா அண்ணாச்சிதான் வண்டியைப் பார்த்தார். இதே மாதிரி கம்பெனி எஞ்சின் பில்லோடு கிடைக்கும், ஆனால் இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும் என்றார். இல்லையென்றால் ஒரு வேன் டீசல் எஞ்சின் கையில் இருக்கிறது, இதைவிடப் பெரியது, இழுவை பிரமாதமாக இருக்கும், பில் மட்டும் கிடையாது. பில் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிப் புத்தகத்தில் ஏற்ற முடியாது. அதனால் அதில் இருக்கிற நம்பரைத் தேய்த்துவிட்டு நம் புத்தகத்து நம்பரையே அடித்துவிடலாம் என்றார். அப்போது இதெல்லாம் ஊரில் நடக்காத காரியம் இல்லை. உன் அம்மா பொறுங்கள் என்றாள். மூன்று மாதம் தன் நகை தாங்கும் என்றாள். சோற்றுக்கு இல்லாமல் செய்தேன் என்று நான் சொன்னால் அது இன்னொரு பொய். ஸ்டாண்டில் இரண்டு பேர் வேன் எஞ்சின் வைத்து மேட்டில் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கும் அது வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். எஞ்சின் உட்காருகிற மவுண்டை அறுத்து வெல்டு வைத்து ஒரே வாரத்தில் ஏற்றிவிட்டார்கள்.

நம்பர் அடிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். சாயங்காலம் ஒரு சவாரி ஒத்துக்கொண்டிருந்தேன், சீக்கிரம் சீக்கிரம் என்று அண்ணாச்சியைப் படுத்தினேன். அவர் பழைய நம்பரை முழுக்க மழிக்காமல் மேலோட்டமாகத் தேய்த்தார். புது நம்பரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தவர், எட்டு அடிக்கும்போது அச்சுப் பஞ்ச் வழுக்கிப் பழைய எழுத்தின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எட்டு சாய்ந்துவிட்டது. இன்னும் நன்றாகத் தேய்த்து அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நேரமாகிவிட்டது என்றேன்.

அந்த எஞ்சின்தான் நம்மைச் சோறு போட்டு வளர்த்தது, அதையும் மறைக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் என் வண்டிதான் வேண்டும் என்று சொல்லியனுப்புவார்கள். நீ பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தபோது ஊரெல்லாம் பெருமை பேசினேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. லீவுக்கு வந்தால் நீ முதலில் செய்கிற காரியம் பானட்டைத் திறக்கப் போவது. நான் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு சொன்னேன். சூடாக இருக்கிறது என்றேன், அண்ணாச்சி சத்தம் போடுவார் என்றேன், ஒரு தடவை பானட் கம்பி மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிட்டு நீ தூங்கும்போது நானே ஒரு கம்பியை வளைத்து வைத்தேன். பெண்பிள்ளைக்குக் கிரீஸ் எதற்கு என்றுகூட ஒரு நாள் சொல்லிவிட்டேன். நீ ஒரு நாள் பூராவும் என்னோடு பேசவில்லை. உன்னை இந்தப் படிப்பில் சேர்க்க உன் பெரியப்பாவோடு சண்டை போட்டவன் நான். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததற்குக் காரணம் அந்த எட்டு. இதற்காக உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்கிறேன்.

இப்போது சட்டம் மாறிவிட்டது, என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் ஹாரன், லைட், பிரேக், நம்பர் என்று பார்த்துவிட்டு விடுவார்கள். பிறகு சைலன்சரில் குழாயைச் சொருகிப் புகை பார்த்தார்கள். அதற்கும் நாங்கள் வழி கண்டுபிடித்தோம். டீசல் பம்பு திருகைக் குறைத்துவிட்டால் புகை வராது. இழுவையும் இருக்காது, சர்டிபிகேட் வாங்கின கையோடு திரும்பக் கூட்டிவிடுவோம். இனி அதெல்லாம் ஓடாது என்கிறார்கள். எந்தக் கம்பெனி எஞ்சின், எந்த வகை, எவர் அனுமதியோடு ஏற்றியது, புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். ஸ்டாண்டில் ஐந்து பேரில் ஒருவர் வண்டியை உடைக்கக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் கம்பெனி எஞ்சின் தேடி ஊர் ஊராக அலைகிறார். ஒருவர் வண்டியில் இப்போது கோழி அடைகிறது. எல்லாரும் என்னைப் பார்த்து, "மக பிரேக் இன்ஸ்பெக்டரு, ஒங்களுக்கு என்ன அண்ணாச்சி" என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன். அவர்கள் வயிற்றெரிச்சலில் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்றுக் காலையில் வண்டியைச் செல்லையா அண்ணாச்சி பட்டறைக்குக் கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், உன்னிடம் எதுவும் சொல்லாமல் முடித்துவிடத்தான் போனேன். அவருக்கு இப்போது கண்ணாடி போட்டும் பார்வை மட்டு. விஷயத்தைக் கேட்டதும் கிரைண்டரை எடுத்து பிளக்கில் மாட்டிவிட்டார்.

"இதுக்கா இம்புட்டு யோசிக்கீரு? இன்னொரு மட்டம் நல்லா மழிச்சு எட்டை நேரா அடிச்சுத் தாரேன். ஒம்ம மக வந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. உன் கண்ணில் மண்ணைத் தூவத்தானே நான் இங்கே வந்து நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கிரைண்டர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அப்புறம், இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். இந்த எஞ்சின் யாருடைய வண்டியில் இருந்தது என்று கேட்டேன். மதுரைப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினேன், அதற்கு முன்னால் எவன் கண்டான் என்றார். அடிபட்ட வேனோ, களவு போன வேனோ, எவனோ ஒருவன் இதைக் காணோமே என்று தேடி அலைந்தானோ, ஒன்றும் தெரியாது. நான் அந்த எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உனக்குத் தாலாட்டுப் பாடியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மிளகாய் வற்றலில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க சொல்லாட்டா அந்த வண்டி சொல்லிரும். அது சொல்லுறதுக்குள்ள நீங்க சொல்லிருங்க" என்றாள்.

இன்று விடிந்ததும் கொட்டகைக்குப் போய் பானட்டைத் திறந்து வைத்தேன். உப்புத்தாளை நனைத்து நம்பர் மேல் இருந்த பெயிண்டையும் எண்ணெய்க் கசட்டையும் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். என் ஆயுசில் பொறுமையாகச் செய்த ஒரே வேலை அதுதான் என்று அம்மா சொல்கிறாள். பிறகு வெள்ளைத் தாளை வைத்து, நீ தேய்த்த மாதிரியே பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தேன். நாம் அடித்த நம்பர் அழுத்தமாக வந்தது. அதற்கு அடியில், மங்கலாக, இன்னொரு நம்பர் அங்கங்கே வந்தது. சில எழுத்து தெரிகிறது, சிலது தெரியவில்லை. சாய்ந்த எட்டுக்கு அடியில் ஒரு ஏழு இருக்கிறது. அது நேராக இருக்கிறது.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ அங்கே ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும் நேரத்துக்கு நான் இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டிப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருப்பேன். நடந்ததை எழுதிக் கொடுப்பேன். வண்டியை எடுத்துக்கொள்வார்களோ, அபராதம் போடுவார்களோ, அதற்கும் மேலேயோ, தெரியாது. உன் வேலைக்கு இதனால் ஏதாவது வருமா என்று ஒரு வக்கீலிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தேன். வண்டி என் பேரில், குற்றமும் என் பேரில், மகளுக்கு ஒன்றும் வராது என்றார். இருந்தாலும் நீயே உன் மேலதிகாரியிடம் முதலில் சொல்லிவிடு, யாரோ சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். செல்லையா அண்ணாச்சி பெயரை நான் எழுதப் போவதில்லை. அது சரியா தப்பா என்று நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். எனக்காக யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. முதல் லீவுக்கு வரும்போது பஸ் ஸ்டாண்டுக்குக் கார் வராது, நான் சைக்கிளில் வருவேன், பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொள்ளலாம்.

உனக்குப் புத்தி சொல்லுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பா என்கிற உரிமையில் இரண்டு வார்த்தை எழுதுகிறேன். என்னைப் போல ஆட்கள் தினமும் உன் முன்னால் வந்து நிற்பார்கள். திருடன் மூஞ்சியோடு வர மாட்டார்கள். பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வருவார்கள். உனக்கு மனசு இளகும், இளகட்டும், ஆனாலும் பானட்டைத் திற. அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவன் அவசரப்படுத்துவான், நீ அவசரப்படாதே. உன் அப்பாவிடம் இல்லாத ஒரு குணம் உன்னிடம் இருக்கிறது, ஒன்பது வயதிலேயே ஒரு எழுத்து சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தாய். கேள்வியும் கேட்டாய். பதில்தான் தப்பாக வந்தது.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஏதாவது வைக்க வேண்டும் என்றால் இப்போது அனுப்பியிருக்கிற தாளை வை. முடிந்தால், அந்த மங்கல் நம்பர் யாருடையது என்று தேடிப் பார். அந்த ஆள் உயிரோடு இருந்தால் எனக்கு எழுது, நான் போய்ப் பார்க்க வேண்டும்.

இனிமேல் எட்டை நேராக எழுது தாயி. அந்தச் சாய்ந்த எட்டு உன்னுடையது இல்லை, என்னுடையது.

அப்பா